படம் பளிச்சென்று இருக்கிறது, முதல் போடலாமா?

வீடியோவைச் சுருக்கும் தொழில்நுட்பம் செய்கிற நிறுவனங்கள் முதலீட்டாளர்களைக் கூட்டிவைத்துக் காட்டும் டெமோவில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் வரும். நீல வானம், மெல்ல ஆடும் தென்னை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசும் ஒருவர். வீடியோவைச் சுருக்குகிற எந்தக் கோடெக்குக்கும் இவை லேசான வேலை. பின்னணி அசையாது, ஒரு சட்டத்துக்கும் (ஃப்ரேம்) அடுத்த சட்டத்துக்கும் வித்தியாசம் அதிகம் இருக்காது. வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால் மிகக் குறைந்த பிட்ரேட்டிலும் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) படம் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துப் பணம் போட்டால், பணம் போட்டது வானத்தின் மேல்தான்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இருந்து இந்தத் துறையைக் கவனிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோடெக்கைத் திணறவைக்கும் காட்சிகள் அத்தனையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பத்துப் பத்து விநாடியில் ஐந்து துண்டு எடுத்து வைத்துக்கொண்டால், யார் எந்தப் புதுமையைக் கொண்டுவந்தாலும் அதை நீட்டிச் சோதிக்கலாம்.

முதல் துண்டு, கண்டாங்கிச் சேலை. கட்டம் போட்ட கண்டாங்கி கட்டிய ஒருவர் கேமராவைக் கடந்து மூன்று மீட்டர் நடக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும். நிறமோ நாலு புள்ளிக்கு ஒன்றுதான். அதனால் சிவப்பும் கடுகு மஞ்சளும் சந்திக்கிற கோட்டில் நிறம் வழியும். கட்டம் சிறியதாக இருந்தால் இல்லாத அலைக்கோடுகள் துணிமேல் நெளியும். இரண்டாவது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கேமராவைத் தாழ்த்தி, மிக மெதுவாக நகர்த்த வேண்டும். ஒரே பூ திரும்பத் திரும்ப வருவதால், அசைவைத் தேடும் பகுதி பக்கத்துக் கல்லின் பூவை இந்தக் கல்லின் பூ என்று எடுத்துக்கொள்ளும். மலிவாகச் செய்த கோடெக்கில் தரை துள்ளும்.

மூன்றாவது துண்டுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். சாயங்காலம் பட்டாலைக் கூடத்தில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு குத்துவிளக்கை ஏற்றி, பின்னால் நிற்கும் தேக்குத் தூணைச் சேர்த்து எடுக்க வேண்டும். சுடரிலிருந்து தூணின் நிழல் வரை வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது. பிட்ரேட்டைக் குறைக்கும்போது கோடெக் முதலில் கை வைப்பது இந்த இருட்டில்தான். மெல்லிய மாறுதல்களை வீசிவிடும். தூண் வழவழப்பாகத் தெரியாமல் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். அதோடு அரை விநாடிக்கோ இரண்டு விநாடிக்கோ ஒருமுறை இருட்டு முழுவதும் லேசாக மூச்சு விடுவது போல மாறும். முழுப்படமாக அனுப்பப்படும் கீ ஃப்ரேம் வந்து விழும் இடம் அது. விஎல்சி பிளேயரில் படத்தை நிறுத்தி, ஆங்கில 'E' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினால், கீ ஃப்ரேமுக்கு முந்திய சட்டமும் பிந்திய சட்டமும் எவ்வளவு மாறுகின்றன என்பது கண்ணெதிரே தெரியும்.

நாலாவது, வளவின் முற்றத்தில் பெய்யும் மழை. ஒவ்வொரு துளியும் புதிது; முந்திய சட்டத்தை வைத்து ஊகிக்க முடியாது. ஐந்தாவது, கல்யாணத்தில் தாலி கட்டித் திருப்பூட்டும் நேரம். சுற்றி நிற்கும் போட்டோக்காரர்களின் ஃபிளாஷ் ஒரு சட்டத்தை மட்டும் வெளுக்க வைக்கும். முந்தியதும் பிந்தியதும் அதோடு ஒட்டாது. அந்த ஒரு நொடியில் பிட்ரேட் எகிறும், அல்லது மணமக்கள் முகம் கட்டம் கட்டமாக உடையும். மேலே தூவும் பூவும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இந்தத் துண்டுகளை சாதாரண செல்போன் வீடியோவாக எடுத்துச் சோதிக்கக் கூடாது. செல்போன் ஏற்கெனவே ஒருமுறை சுருக்கிவிடுகிறது. அது விட்டுவிட்ட நுணுக்கத்தைப் புதிய கோடெக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதால் சோதனை எளிதாகிவிடும். புரோரெஸ் 422 எச்க்யூ மாதிரி லேசாக மட்டுமே சுருக்கும் வடிவில் எடுங்கள். 1920×1080-ல் நொடிக்கு 25 சட்டம் என்றால் அது நொடிக்கு ஏறக்குறைய 184 மெகாபிட். பத்து விநாடித் துண்டு 230 எம்பி, ஐந்தும் சேர்ந்து 1.15 ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கும்.

அந்த பென் டிரைவைக் கொடுத்து, திரும்ப வரும் கோப்பில் மூன்றைப் பாருங்கள். பிட்ரேட்டை அவர்கள் வாயிலிருந்து கேட்க வேண்டாம்; கோப்பின் அளவை பைட்டில் எடுத்து எட்டால் பெருக்கி விநாடியால் வகுத்தால் கிடைத்துவிடும். அடுத்து, சுருக்க எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இயந்திரத்தில். பத்து விநாடிக்கு இருபது நிமிடம் என்றால் சினிமாவுக்குச் சரிப்படலாம், நேரலைக்கு ஆகாது. மூன்றாவது, பத்தாயிரம் ரூபாய் செல்போனில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். போன் சுடுகிறதா, பேட்டரி எத்தனை சதவிகிதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுடுகிறது என்றால் வேலையைச் செய்வது சிப்பில் உள்ள தனிப் பகுதி இல்லை, பொதுவான பிராசசர். அப்படிப்பட்ட கோடெக் வீடுகளுக்குள் நுழைய இன்னும் சில வருஷம் இருக்கிறது.

கணக்கு தெரியாமல் இந்தத் தொழிலில் இறங்கவே கூடாது. தெரிய வேண்டிய கணக்கும் பெருக்கல் வகுத்தல் மட்டுமே. விசிடியில் ஒரு சட்டம் 352×288 புள்ளி. நிறத்தையும் சேர்த்து ஒரு புள்ளிக்குச் சராசரி 12 பிட். நொடிக்கு 25 சட்டம். பெருக்கினால் நொடிக்கு 30.4 மெகாபிட். பாட்டுக் கேட்பதற்காகச் செய்த சிடி சுற்றும் வேகத்தில் படத்துக்குக் கிடைத்தது நொடிக்கு 1.15 மெகாபிட். அதாவது 26 மடங்கு சுருக்கினால் போதும். 1993-ல் வெளியான எம்பெக்-1 என்ற கோடெக் அதைச் செய்தது. டிவிடியில் 720×576, அதே கணக்கில் 124 மெகாபிட். சராசரி 5 மெகாபிட்டில் ஓட்டினால் 25 மடங்கு. முழு எச்டி 622 மெகாபிட். 4கே, 10 பிட், நொடிக்கு 50 சட்டம் என்றால் 6.2 கிகாபிட், அதை 20 மெகாபிட்டில் அடக்க 300 மடங்குக்கு மேல் சுருக்க வேண்டும். டிவிடியின் கோடெக்கான எம்பெக்-2க்குப் பின் 2003-ல் எச்.264, 2013-ல் எச்.265, 2020-ல் எச்.266. ஒவ்வொரு தலைமுறையும் அதே தரத்தை ஏறக்குறைய பாதி பிட்ரேட்டில் கொடுக்கிறது. உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஏழு முதல் பத்து வருஷம் உழைத்துப் பெறும் லாபம் இந்தப் பாதி. ஒரே தாவலில் பத்து மடங்கு என்று ஒருவர் சொன்னால், எதோடு ஒப்பிட்டார் என்று கேட்க வேண்டும். எம்பெக்-2 காலத்துப் பழைய மென்பொருளை அவசர அமைப்பில் ஓட்டி, தம்முடையதை மிக மெதுவான அமைப்பில் ஓட்டினால் பத்து மடங்கு காட்டிவிடலாம். எதிராளியின் கோடெக்கையும் மெதுவான அமைப்பில் ஓட்டிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நெதர்லாந்தின் யான் ஸ்லோட் விவகாரம் இந்தப் பெருக்கல் வகுத்தல் எவ்வளவு காப்பாற்றும் என்பதற்குச் சாட்சி. ஒரு முழுப்படத்தை 8 கிலோபைட்டில் அடக்கிவிட்டதாக அவர் சொன்னார். பிலிப்ஸ் நிறுவனத்தில் உயர்பதவியில் இருந்த ரூல் பீப்பர் 1999-ல் அந்த வேலையை விட்டுவிட்டே இதில் சேர்ந்தார். அதே வருஷம் ஜூலையில் ஸ்லோட் மாரடைப்பில் இறந்தார். அந்த முறையை அதற்குப் பின் யாராலும் செய்துகாட்ட முடியவில்லை. இப்போது வகுத்துப் பாருங்கள். 8 கிலோபைட் என்பது 64,000 பிட். தொண்ணூறு நிமிடப் படத்தில் 1,35,000 சட்டம். ஒரு சட்டத்துக்கு அரை பிட் கூட வரவில்லை. ஆம், இல்லை என்று ஒரு சொல் சொல்லவே ஒரு பிட் வேண்டும். இந்தக் கணக்கைப் போட ஒரு காகிதத் துண்டு போதும். பெரிய பதவிகளில் இருந்தவர்கள் அதைப் போடாமல் பணத்தை எடுத்து வைத்தார்கள்.

ஏமாற்று இல்லாத, உண்மையான விஞ்ஞானமும் முதலைத் தின்னும். படத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை வைத்துச் சுருக்குகிற, கணிதவியலாளர் மைக்கேல் பார்ன்ஸ்லியின் ஃபிராக்டல் முறை அப்படி. 1988-ல் பத்தாயிரம் மடங்கு சுருக்கலாம் என்று எழுதினார்கள். 1987-ல் தொடங்கிய இட்டரேட்டட் சிஸ்டம்ஸ் நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. மைக்ரோசாஃப்டின் என்கார்ட்டா சிடியில் படங்கள் அந்த முறையில் வந்தன. ஆனால் சுருக்குவதற்குப் பிடித்த நேரம் தாங்க முடியாதது, பத்தாயிரம் என்ற எண்ணும் பொறுக்கி எடுத்த படங்களுக்கு மட்டும்தான். இதற்கு நேர்மாறாக, இன்று வரை வீடியோவின் அடித்தளமாக நிற்கும் டிசிடி என்ற கணிதம் 1974-ல் நாசிர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் மூவர் பெயரில் வெளியானது. அதற்கு முன் 1972-ல் அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் உதவி கேட்டபோது, இது மிக எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். எளிமையாக இருந்ததால்தான் அது சிப்பில் ஏறியது. ஒரு முறை எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பதைவிட, அதைச் சின்னச் சிலிக்கான் துண்டில் போட முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆரம்ப கால டிஜிட்டல் வீடியோவில் காசு யாருக்குப் போனது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் ஒரே ஒழுங்கு தெரிகிறது. வீடுகளில் ஏற்கெனவே ஒரு வாகனம் இருக்கும்: சிடி, தொலைபேசிக் கம்பி, கேபிள், பிறகு 4ஜி. அந்த வாகனம் தாங்கும் பிட்ரேட்டுக்குள் படத்தை அடக்குகிற மலிவான சிப் வந்த அன்றுதான் சந்தை திறக்கும். அதற்கு முன் வந்தவர்கள் காத்திருந்து கரைந்தார்கள்.

விசிடியை எடுத்துக்கொள்வோம். 1988-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சி-கியூப் நிறுவனம் எம்பெக் சிப் செய்தது. சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் வான்யான் நிறுவனம் அந்த சிப்பை வைத்து 1993-ல் விசிடி பெட்டியைச் செய்து சந்தையையே உருவாக்கியது. ஆனால் பெட்டிக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. சில வருஷத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் அதே பெட்டியைச் செய்தன, வான்யான் அழிந்தது. எந்தத் தொழிற்சாலை செய்தாலும் உள்ளே சிப் வேண்டும். 1994-ல் பங்குச் சந்தைக்கு வந்த சி-கியூப் வளர்ந்தது. பிறகு சிப்பிலும் போட்டி வந்து விலை இறங்கியது. 2001-ல் எல்எஸ்ஐ லாஜிக் அதை வாங்கிக்கொண்டது. பெட்டி செய்கிறவரைவிட, எல்லாப் பெட்டிக்கும் பொதுவான பாகம் செய்கிறவரிடம் முதல் கொஞ்சம் பத்திரமாக இருக்கும். கொஞ்சம்தான், அந்தப் பாகத்தை இன்னும் நாலு பேர் செய்யத் தொடங்கும் நாளை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதே வாகனம் எப்படி ஓடியது? விசிடி தட்டு ஒன்றில் 74 நிமிடம். இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு மூன்று தட்டு. டிவிடியில் 4.7 ஜிபி, அதே படத்தை ஒரே தட்டில் அடக்கினால் நொடிக்கு 3.8 மெகாபிட்தான் கிடைக்கும். சண்டைக் காட்சியில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்கு நம் படத்தின் நீளமே பெரிய காரணம். ஹாலிவுட் படத்தின் நீளத்தை மனதில் வைத்து வகுத்த தட்டு அது. மோசர் பேர் நிறுவனம் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றுத் திருட்டுத் தட்டோடு மோதியது. துணிச்சலான, நல்ல விலை. ஆனால் வாகனமே மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் ஒரு நாளைக்கு 1 ஜிபி என்ற திட்டங்கள் பரவின. எச்.264-ல் நொடிக்கு 1 மெகாபிட் என்று ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. 1 ஜிபியில் இரண்டேகால் மணி நேரம் பார்க்கலாம். ஒரு நாள் டேட்டாவும் ஒரு படமும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. 2018-ல் மோசர் பேரைக் கலைத்து விற்க தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தட்டின் தரத்திலோ விலையிலோ குறை தேடினால் காரணம் கிடைக்காது.

கீழ் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த நம் நகரத்தார் முன்னோருக்கு நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் நல்ல ஈடுதான். 1930களில் நெல் விலை விழுந்தபோது ஈட்டு நிலங்கள் கைக்கு வந்தன. 1930-ல் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 6 சதவிகிதமாக இருந்த நகரத்தார் நிலம் 1938-ல் 25 சதவிகிதமானது. ஐந்தொகையில் பார்த்தால் சொத்து பெருத்தது. 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அதில் ஒரு குழியைக்கூடத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. தட்டுத் தொழிற்சாலையும் அப்படிப்பட்ட நிலம்தான். வேறு எதற்கும் திருப்ப முடியாத இயந்திரத்தில் போட்ட முதலை, சொத்துப் பக்கத்தில் முழுவிலைக்கு எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

அரசாங்கமே பின்னால் நின்றாலும் இதே கதைதான். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே அனலாக் முறை எச்டிக்குப் பல வருஷம் உழைத்து, 1991 நவம்பரில் தினசரி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே, 1990 ஜூனில், அமெரிக்காவின் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் முழுக்க டிஜிட்டலான எச்டியை அறிவித்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்து, பிட்ரேட்டைப் பெருக்கிப் பார்த்திருந்தால் அனலாக் பக்கம் போன முதலை அன்றே திருப்பியிருக்கலாம். ஐரோப்பா தன் அனலாக் திட்டத்தை 1993-ல் கைவிட்டது.

எப்போது உள்ளே போவது என்பதற்கு நாள்காட்டி இருக்கிறது. அதைப் பலர் பார்ப்பதே இல்லை. 1988-ல் இத்தாலியரான லியோனார்டோ கியாரிலியோனே தொடங்கிய, வீடியோவுக்கான தரங்களை வகுக்கும் எம்பெக் குழுவும் ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வருஷத்துக்கு மூன்று நாலு முறை கூடுகின்றன. எல்லாரும் உங்கள் முறையைக் கொண்டுவாருங்கள் என்று அழைப்பு விடுவார்கள். வந்தவற்றை ஒரே துண்டுகளில் ஓட்டி ஒப்பிடுவார்கள். சிறந்த பகுதிகளைச் சேர்த்து எல்லாருக்கும் பொதுவான ஒரே தரமாக (ஸ்டாண்டர்ட்) ஆக்குவார்கள். அழைப்பிலிருந்து முடிவு வரை மூன்று வருஷம். எம்பெக்-2க்கான போட்டிச் சோதனை ஜப்பானின் குரிஹாமாவில் 1991 நவம்பரில். தரம் முடிவானது 1994 நவம்பரில் சிங்கப்பூர்க் கூட்டத்தில். எச்.265: அழைப்பு 2010 ஜனவரி, முடிவு 2013 ஜனவரி. எச்.266: அழைப்பு 2017 அக்டோபர், முடிவு 2020 ஜூலை. வட்டித்தொழில் செய்ய, அதாவது கொண்டுவிற்க, போன மேலாளுக்கு (கடையின் முகவர்) அக்கரையில் மூன்று வருஷக் கணக்கு இருந்தது போல இதற்கும் மூன்று வருஷக் கணக்கு.

தரம் முடிந்த அன்று காசு வராது. அதற்குமேல் சிப் கைக்கு வர இன்னும் நாலைந்து வருஷம். எச்.265 முடிந்தது 2013. ஐபோனில் முழுமையாகப் புழக்கத்துக்கு வந்தது 2017. இலவசக் கோடெக்கான ஏவி1 வெளியானது 2018. ஐபோனில் அதற்கான சிப் பகுதி வந்தது 2023. மூன்றும் ஐந்தும் எட்டு. ஆரம்பத்தில் போட்ட முதல் எட்டு வருஷம் கழித்து இரட்டிப்பாகத் திரும்பினால் மகிழ்ச்சிப்பட எதுவும் இல்லை. அது 9 சதவிகிதக் கூட்டு வட்டி, அவ்வளவுதான். தவணைக்குப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். இந்த ஆபத்துக்கு ஐந்து மடங்காவது தெரிய வேண்டும், இல்லையென்றால் தரம் முடிந்து முதல் சிப் வந்தபின் போனால் போதும். அப்போது போகிறவருக்கு மடங்கு குறையும், ஆனால் முதல் நிற்கும்.

குழுவின் ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் கவனிக்கும் நிறுவனத்தின் பெயர் அழைப்புக்கு வந்தவர் பட்டியலில் இருக்கிறதா, சோதனையில் எத்தனையாவதாக வந்தது, அடுத்த கூட்டத்திலும் ஆட்கள் வந்தார்களா என்று மட்டும் பாருங்கள். உலகத்தை மாற்றப் போவதாகச் சொல்லும் நிறுவனம் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

உரிமக் கட்டணம் அடுத்த முட்டுக்கட்டை. ஒரு தரத்தில் பல நிறுவனங்களின் காப்புரிமை கலந்திருக்கும். எம்பெக்-2க்கு அவற்றை ஒரே கூடையில் போட்டு எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு 1997 முதல் வசூலித்தது. டிகோடர் (சுருக்கிய படத்தை விரிக்கும் பகுதி) ஒன்றுக்கு 4 டாலர், 2002 முதல் 2.50. எச்.264-ல் முதல் ஒரு லட்சம் பெட்டிக்கு இலவசம், அதற்குமேல் 20 சென்ட். இந்த வித்தியாசம் மட்டுமே எச்.264 எல்லாச் செல்போனிலும் ஏறியதற்குப் பாதிக் காரணம். எச்.265-க்கோ ஒரு கூடைக்கு மேல் வந்தது. யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்றே தெரியாமல் பெரிய நிறுவனங்கள் 2015-ல் தனிக் கூட்டணி அமைத்து ஏவி1ஐ இலவசமாகக் கொண்டுவந்தன. ஆகவே ஒரு கோடெக் நிறுவனத்தைப் பார்க்கும்போது உரிம வருமானத்தை எழுதிக்கொள்வதோடு, இதே வேலையை இலவசமாகக் கொடுக்க யாருக்கு ஆதாயம் இருக்கிறது என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். வீடியோவில் விளம்பரம் விற்கிறவர்களுக்குக் கோடெக் இலவசமாக இருப்பதே லாபம். 1992-ல் டக் கார்ப்பரேஷன் என்று தொடங்கி ஆன்2 என்று பெயர் மாறிய நிறுவனம் நல்ல கோடெக்குகளை அடுத்தடுத்துச் செய்தது. 2009-ல் கூகுள் அதற்கு அறிவித்த விலை பங்குக்கு 60 சென்ட். மறுவருஷம் வாங்கி முடித்து, அதன் விபி8 கோடெக்கை இலவசமாக வெளியிட்டது. கோடெக் ஜெயித்தது, அதில் உச்ச விலையில் நுழைந்தவர்கள் ஜெயிக்கவில்லை.

கணக்குப் புத்தகம் பார்க்கிற பழக்கம் இந்த ஊரில் ரத்தத்தில் இருப்பது. அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் ஆண்டறிக்கை இலவசம்; 1990களின் நடுவிலிருந்து எல்லாம் இருக்கிறது. நாலு வரியைத் தனித்தாளில் எழுதிக்கொண்டால் நிறுவனத்தின் நாடி தெரியும். வெளியே இருக்கும் பங்குகளின் எண்ணிக்கை, ஐந்து வருஷத்துக்கு. சின்னக் கோடெக் நிறுவனங்கள் விற்பனையில் அல்ல, புதுப்பங்கு விற்றே காலம் தள்ளும். 4 கோடிப் பங்கு 12 கோடியானால் உங்கள் பங்கு மூன்றில் ஒன்றாகிவிட்டது. கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் உயிர் என்பது வரும். பன்னிரண்டுக்குக் கீழே என்றால் அடுத்த பங்கு வெளியீடு வருகிறது என்று பொருள். விற்பனையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் எடுக்கும் வாடிக்கையாளரை அறிக்கையில் சொல்லியாக வேண்டும். ஒருவரே பாதி என்றால் அந்த ஒருவர் சொந்த சிப் செய்யத் தொடங்கும் நாள் வரைதான் வியாபாரம். கடைசியாக, வருமானத்தில் உரிமம் எவ்வளவு, பொறியாளர்களின் கூலி வேலை எவ்வளவு. கூலி வேலையே அதிகம் என்றால் வாங்குவது தொழில்நுட்பத்தை அல்ல.

பணத்தை அனுப்பும் வழியிலும் தவறு நடக்கிறது. 2004 பிப்ரவரிக்கு முன் இங்கே குடியிருப்பவர் வெளிநாட்டுப் பங்கு வாங்கத் தாராளமான வழி இல்லை. அன்று 25,000 டாலரில் தொடங்கிய அனுமதி இன்று நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். அதில் கடன் வாங்கிப் பங்கு வாங்கும் மார்ஜின் வியாபாரத்துக்குப் பணம் அனுப்பக் கூடாது. பத்து லட்ச ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவிகிதம் முன்வரி பிடிக்கும். வருமானவரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை அந்தப் பணம் வட்டியில்லாமல் தூங்கும். அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தைக் கொடுத்தால் அமெரிக்க ஈவுத்தொகையில் பிடிப்பு 25 சதவிகிதம். இறந்துபோனால் வரும் சொத்துவரியைப் பலர் அறியவில்லை: அங்கே குடியிராத அயல்நாட்டவருக்கு 60,000 டாலர் வரைதான் விலக்கு, அதற்குமேல் 40 சதவிகிதம் வரை போகலாம். வயதான ஆச்சி பேரில் வாங்கி வைக்கும் வீடுகளில் இதை முதலில் பேச வேண்டும்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பங்காளி பேரில் வாங்கிப் போடுவது பழைய வழக்கம். இன்றைய சட்டத்தில் அது ஆபத்து. யாருடைய பங்கு என்பதற்குச் சீட்டு இருக்காது, அடுத்த தலைமுறைக்கு விஷயமே தெரியாது, இங்கே வருமானவரியில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டாமல் விட்டால் கறுப்புப்பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. அந்த அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு, ஏப்ரல் முதல் மார்ச் வரை அல்ல. அதில் தவறுகிறவர்கள் நிறைய.

இவ்வளவையும் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். வாகனம் மாறுவதை மட்டும் தெருவில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். ஏ.வி. மெய்யப்பன் 1940களில் ஸ்டூடியோ போட்ட ஊர் காரைக்குடி. படத் தொழில் இங்கே அந்நியமில்லை. செக்காலை ரோட்டுப் பக்கமோ நூறடி ரோட்டிலோ கல்யாண வீடியோ எடுக்கும் இரண்டு மூன்று கடைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். விஎச்எஸ் கேசட், மினிடிவி (MiniDV) கேசட், டிவிடி, பென் டிரைவ், யூட்யூப் லிங்க் என்று ஒவ்வொரு மாற்றமும் இங்கே பங்குச் சந்தை அறிக்கைக்கு முன்பே தெரிந்துவிடும். 1995-ல் வந்த மினிடிவி கேசட்டில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 13 ஜிபி. அதைக் கணினிக்கு ஏற்ற நிஜ நேரத்திலேயே ஒரு மணி நேரம் பிடிக்கும். மெமரி கார்டு வந்ததும் கடைக்காரர் கேசட்டை விட்டதற்குக் காரணம் படத்தரம் அல்ல, அந்த ஒரு மணி நேரம். கல்யாணத்துக்கு மூன்று நாலு கேசட் என்றால், முகூர்த்த மாதத்தில் பத்துக் கல்யாணம் எடுக்கிறவருக்கு அது முப்பது நாற்பது மணி நேரம்.

கடைக்காரரிடம் புதிய தொழில்நுட்பத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்க வேண்டாம். பில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டும் கேளுங்கள்: கடந்த முகூர்த்தத்தில் எத்தனை பேர் 4கே வேண்டும் என்று கூடுதலாகக் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எடிட்டிங் கம்ப்யூட்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார், எதற்காக மாற்றினார், கடைசியாக டிவிடி கேட்டு வந்தவர் எந்த மாதம் வந்தார். பதிலைத் தேதி போட்டுச் சிட்டையில் எழுதி, அடுத்த மூன்று மாதத்தில் அதே கேள்விகளோடு அதே கடைக்குப் போங்கள்.